மூன்று இடத்தில் சொன்ன ‘இல்லை’

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. சுருக்கமாக டோஹா என்பார்கள். அரசுக்கு ஒப்பந்த வேலை செய்யும் தனியார் நிறுவன ஊழியர் ஒருவரை நம்பி ரகசியக் கோப்புகளைக் கொடுக்கலாமா, கூடாதா என்று தகராறு வந்தால் வழக்கு அங்கேதான் போகும். ஊழியரின் பெயரை எடுத்துவிட்டுத் தீர்ப்புகளைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். போதைப்பொருளும் பொய்யும் சேர்ந்து வரும் தீர்ப்புகளைத் தொடர்ந்து படித்தால் ஒரே கதையைத் திரும்பப் படிக்கிற மாதிரி இருக்கும். கீழே நான் சொல்லும் பொறியாளர் தனி ஒரு ஆள் இல்லை. அந்தத் தீர்ப்புகளில் அடிக்கடி வரும் நிகழ்வுகளை ஒருவருடைய வாழ்க்கையாகக் கோத்திருக்கிறேன். படிவம், விதி, சட்டம், பழைய வழக்குகள் எல்லாம் உள்ளது உள்ளபடியே.

அவருக்கு அப்போது 22 வயது. கணினிப் பொறியியல் முடித்த கையோடு வர்ஜீனியாவில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தது. செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது பாதுகாப்பு அனுமதி, கிடைத்தால்தான் வேலை உறுதி. கல்லூரியில் நான்கு வருடத்தில் இருபது தடவை போலக் கஞ்சா புகைத்திருக்கிறார், எல்லாம் வார இறுதிகளில், நண்பர்களோடு. தேர்வுக்கு முந்தைய இரவுகளில் அறைத்தோழனுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆடரால் என்ற கவனக்குறைபாட்டு மாத்திரையை இரண்டு தடவை வாங்கிப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். போலீஸ் கேஸ் இல்லை, சிகிச்சை இல்லை, கடன் இல்லை.

படிவத்தின் பெயர் எஸ்.எஃப்.-86. அச்சிட்டால் நூறு பக்கத்தைத் தாண்டும். குடியிருந்த வீடுகள், வேலை பார்த்த இடங்கள், வெளிநாட்டு உறவுகள், கடன்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். 23-ஆம் பிரிவு போதைப்பொருள். கடந்த ஏழு ஆண்டில் சட்டவிரோதமாக எதையாவது பயன்படுத்தினீர்களா என்பது முதல் கேள்வி. மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படிதான் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை விழுங்கியதையும் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவின் தலைப்பிலேயே இன்னொரு வாக்கியம் உண்டு. பலரும் அதைப் படிக்காமலே கடந்துபோகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நீங்கள் இங்கே உண்மையாகச் சொல்லும் பதிலையோ, அதிலிருந்து தெரியவரும் தகவலையோ பின்னால் உங்கள் மீதான குற்ற வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசு அதில் வாக்குக் கொடுக்கிறது.

கையெழுத்துப் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான எச்சரிக்கை. தெரிந்தே பொய் எழுதினால் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 1001-ஆம் பிரிவின்படி அது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. கஞ்சா புகைத்ததை ஒத்துக்கொண்டால் அந்தப் பதிலை வைத்து வழக்குப் போட மாட்டார்கள். புகைக்கவில்லை என்று பொய் எழுதினால் அந்தப் பொய்யே வழக்கு ஆகலாம். 22 வயதில், புது வேலை கிடைத்த சந்தோஷத்தில், எந்தப் பக்கம் ஆபத்து என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இவரும் அப்படித்தான் புரிந்துகொண்டார். இரவு பதினொன்றரை மணி, மடிக்கணினியில் 23-ஆம் பிரிவு. ‘ஆம்’ என்று அழுத்திப் பார்த்தார். கீழே பெட்டிகள் திறந்தன. என்ன பொருள், முதல் தடவை எந்த மாதம் எந்த வருடம், கடைசித் தடவை எப்போது, எத்தனை முறை, எந்தச் சூழ்நிலையில், இனியும் பயன்படுத்தும் எண்ணம் உண்டா, இல்லையென்றால் ஏன். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இதே வரிசை. எத்தனை முறை என்ற பெட்டியில் என்ன எண்ணைப் போடுவது? இருபதா, இருபத்தைந்தா? மாத்திரைக்கு அறைத்தோழன் பெயரையும் எழுத வேண்டி வருமோ? அவனுக்குப் போன் போட்டார். “அதெல்லாம் எழுதாதே, யாருக்குத் தெரியப்போகிறது? எழுதினால் வேலை போயிடும்” என்றான் அவன். திரும்பிப் போய் ‘இல்லை’ என்று மாற்றினார். திறந்திருந்த பெட்டிகள் எல்லாம் மூடிக்கொண்டன. அடுத்த பக்கம் வந்தது. முதல் ‘இல்லை’ இது.

சில மாதத்தில் ‘சீக்ரெட்’ நிலை அனுமதி கிடைத்தது. மூன்று வருடம் கழித்து, 25 வயதில், நண்பர்களோடு கொலராடோவுக்குப் பனிச்சறுக்குப் பயணம். அந்த மாநிலத்தில் 2014 ஜனவரி முதல் பொழுதுபோக்குக் கஞ்சா கடையிலேயே கிடைக்கிறது. கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய் ஒன்றைச் சாப்பிட்டார். ஒரே ஒன்று. ஆனால் அந்த நாளில் அவரிடம் பாதுகாப்பு அனுமதி இருந்தது. கல்லூரிக் காலத்துப் புகையைவிட இந்த ஒரு மிட்டாய் விதிப்படி கனமானது. அனுமதி கையில் இருக்கும்போது எப்போதாவது பயன்படுத்தியதுண்டா என்று படிவம் தனியாகக் கேட்கிறது. அதற்கு ஏழு ஆண்டு வரம்பு கிடையாது.

27 வயதில் ‘டாப் சீக்ரெட்’ நிலைக்கு உயர்த்த நிறுவனம் விண்ணப்பித்தது. அதே படிவம், அதே 23-ஆம் பிரிவு. கல்லூரிப் புகை இன்னும் ஏழு ஆண்டுக்குள்தான் இருந்தது. இப்போது ‘ஆம்’ என்றால் முதல் படிவம் பொய் என்று ஆகிவிடும். இந்தத் தடவை அவர் பயந்தது கஞ்சாவுக்காக இல்லை, பழைய ‘இல்லை’க்காக. இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

அப்புறம் புலனாய்வாளர் நேரில் வந்தார். அலுவலகத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இந்தச் சந்திப்பில் படிவத்தைப் பிரிவு பிரிவாக மறுபடி கேட்பார்கள். மாற்றிச் சொல்ல இது ஒரு வாய்ப்பு. தீர்ப்புகளைப் படித்தால், எத்தனையோ பேர் இந்த மேசையில்தான் தப்பித்திருக்கிறார்கள் என்று தெரியும். “போதைப்பொருள் ஏதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?” என்று அவர் கேட்டபோது, எந்த ஆதாரத்தையும் முன்னால் வைக்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். இவர் மூன்றாவது தடவையாக ‘இல்லை’ என்றார்.

உண்மை வெளிவந்தது 30 வயதில். ஓர் உளவு அமைப்பில் வேலைக்கு விண்ணப்பித்தார். அங்கே பாலிகிராஃப், அதாவது பொய் கண்டறியும் சோதனை, கட்டாயம். கருவியை மாட்டுவதற்கு முன்னாலேயே சோதனையாளர் உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாகப் பேசுவார். போதைப்பொருள் கேள்வி வந்தது. கல்லூரிப் புகை, மாத்திரை, கொலராடோ என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. அவர் சொன்னதும் அங்கேயே நிற்கவில்லை, பாதுகாப்புத் துறைக்குப் போனது. அவர்களிடம் ஏற்கெனவே இரண்டு படிவமும் ஒரு நேர்காணல் அறிக்கையும் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

ஒரு வருடத்தில் காரண அறிக்கை வந்தது. உங்களுக்கு அனுமதி கொடுப்பது தேச நலனுக்கு ஏற்றதென்று எங்களால் சொல்ல முடியவில்லை, காரணங்கள் இவை என்று பத்தி பத்தியாகப் பட்டியலிடும் கடிதம். 20 நாளுக்குள் ஒவ்வொரு பத்தியையும் ஒத்துக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று சத்தியம் செய்து பதில் தர வேண்டும். விசாரணையும் கேட்கலாம். இந்த நடைமுறை சும்மா வந்ததில்லை. முகம் தெரியாதவர்கள் சொன்னதை வைத்து ஒரு விமானப் பொறியாளரின் அனுமதியைப் பறித்ததை 1959-இல் கிரீன் எதிர் மெக்எல்ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே அதிபர் ஐசன்ஹோவர் 10865 எண்ணுள்ள நிர்வாக ஆணையைப் போட்டார். காரணத்தை எழுத்தில் சொல்வதும் பதில் சொல்ல இடம் தருவதும் அதிலிருந்து வந்தவை.

இவருக்கு வந்த அறிக்கையில் இரண்டு தலைப்பு. 2017 ஜூன் முதல் எல்லா அமெரிக்க அரசு அமைப்புகளும் ஒரே 13 நெறிகளை வைத்துத்தான் அனுமதியை முடிவு செய்கின்றன. ஆங்கில எழுத்து ‘ஏ’ முதல் ‘எம்’ வரை பெயர். ‘எச்’ என்பது போதைப்பொருள். ‘ஈ’ என்பது தனிப்பட்ட நடத்தை, அதாவது நேர்மை. எச் தலைப்பின் கீழ் கஞ்சா, மாத்திரை, அனுமதி இருந்தபோது சாப்பிட்ட மிட்டாய். ஈ தலைப்பின் கீழ் மூன்று ‘இல்லை’.

இரண்டு நெறியும் வேலை செய்யும் விதம் வேறு வேறு என்பதுதான் இந்த வழக்கின் உயிர். எச் நெறி காலத்தை மதிக்கிறது. பழக்கம் ரொம்ப நாளுக்கு முந்தியது, எப்போதாவது நடந்தது, திரும்ப வர வாய்ப்பில்லை என்றால் அதைத் தள்ளிவிடலாம். பழைய கூட்டாளிகளை விட்டு விலகியது, சூழலை மாற்றிக்கொண்டது, இனித் தொட்டால் அனுமதியை ரத்து செய்யுங்கள் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தது எல்லாம் சாதகமாகக் கணக்கில் வரும். கஞ்சாவைப் பொறுத்தவரை 2021 டிசம்பரில் தேசிய உளவுத் துறை இயக்குநராக இருந்த அவ்ரில் ஹெயின்ஸ் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தார். முன்பு பொழுதுபோக்காகப் புகைத்தது கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அதுவே முடிவைத் தீர்மானித்துவிடாது என்பது அதன் சாரம். இப்போதும் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு மட்டும் கதவு மூடித்தான் இருக்கிறது. பாண்ட் திருத்தம் என்ற சட்டம் அவருக்கு அனுமதி தருவதைத் தடுக்கிறது.

ஈ நெறி காலத்தை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. அங்கே கேட்பது ஒன்றுதான்: வேண்டுமென்றே மறைத்தீர்களா? மறைத்திருந்தால், யாரும் ஆதாரத்தைக் காட்டுவதற்கு முன்னால், தாமதமில்லாமல், நல்லெண்ணத்தோடு நீங்களாகவே திருத்தினீர்களா?

‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்கு எடை உண்டு. ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவர் மனதில் என்ன இருந்தது என்று முடிவுகட்ட முடியாது என்று டோஹாவின் மேல்முறையீட்டுக் குழு 2004-லேயே சொல்லியிருக்கிறது. மறதி, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டது, தேதிக் குழப்பம் எல்லாம் உண்மையாகவே நடப்பவை. ஊழியர் மறுத்தால், வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. நேர்மையான தவறு செய்த பலருக்கு இந்த இடத்தில் நியாயம் கிடைத்திருக்கிறது, கிடைக்கவும் வேண்டும்.

இவர் அப்படி மறுக்கவில்லை. வழக்கறிஞர் சொன்னபடி எல்லாப் பத்தியையும் ஒத்துக்கொண்டார். விசாரணை நாளில் மேலாளர் வந்து நல்ல உழைப்பாளி என்றார். மூன்று ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளைக் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவையும், இனித் தொட மாட்டேன் என்ற கையெழுத்துப் பத்திரத்தையும் கொடுத்தார்கள். பிறகு அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“முதல் படிவத்தில் கேள்வி உங்களுக்குப் புரிந்ததா?”

“புரிந்தது.”

“அப்போது சின்ன வயது. 27 வயதிலும் அதே பதிலை எழுதினீர்கள். ஏன்?”

“முதலில் எழுதியது தெரிந்துவிடும் என்று பயந்தேன்.”

“நேர்காணலில் புலனாய்வாளர் கேட்டபோது?”

“அதே பயம்தான்.”

“இந்த எட்டு வருடத்தில் உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒரு நாளாவது போய்ச் சொன்னீர்களா?”

“இல்லை.”

“பாலிகிராஃப் இல்லாத வேலையாக இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா?”

பதில் வர நேரம் ஆனது. “தெரியவில்லை” என்றார். அது உண்மையான பதில் என்றே நினைக்கிறேன். ஆனால் வழக்கு அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

கடைசியாக நீதிபதி கேட்டார்: “உங்கள் மனைவிக்கு இதெல்லாம் எப்போது தெரியும்?” காரண அறிக்கை வந்த பிறகுதான், என்றார். ஊர்வம்புக் கேள்வி இல்லை இது. ஈ நெறிக்குள்ளேயே அதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் மறைத்து வைத்த ஒரு விஷயம், அதைத் தெரிந்துகொண்ட வெளியாள் கையில் மிரட்டும் ஆயுதமாகிவிடும். எட்டு ஆண்டாக இவரிடம் அப்படி ஒரு ரகசியம் இருந்தது.

தீர்ப்பு: எச் நெறியில் எல்லாப் பத்தியும் இவருக்குச் சாதகம். கொலராடோ மிட்டாய்கூட ஏழு ஆண்டுக்கு முந்தையது, மறுபடி நடக்கவில்லை, போகட்டும். ஈ நெறியில் மூன்று பத்தியும் எதிராக. திருத்தியது தாமதம், அதுவும் கருவியின் முன்னால் உட்கார வேண்டி வந்ததால். மூன்று தடவை நடந்ததைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியாது. அனுமதி மறுக்கப்பட்டது. எந்தக் கஞ்சாவை மறைக்கப் பொய் சொன்னாரோ, அந்தக் கஞ்சாவை நீதிபதி மன்னித்துவிட்டார்.

“சந்தேகம் வந்தால் பலன் அரசுக்கு” என்ற தலைகீழ் விதி இங்கே உண்டு. குற்ற வழக்கு மாதிரி இல்லை. இதற்கு வேர் 1988-இல் வந்த ஈகன் வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்டன் என்ற ஊரில், டிரைடென்ட் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் கடற்படைத் தளத்தில் ஈகன் தொழிலாளியாக இருந்தார். பழைய தண்டனைகளுக்காக மட்டும் கடற்படை அவருக்கு அனுமதி மறுக்கவில்லை. வேலை விண்ணப்பத்தில் இரண்டு பழைய தண்டனைகளை எழுதாமல் விட்டதும் ஒரு காரணம். ஏழு ஆண்டுக்கு முந்தையதைப் படிவம் கேட்கவில்லை என்று நினைத்தேன் என்பது அவர் பதில். பாதுகாப்பு அனுமதி யாருக்கும் உரிமை இல்லை, தவறு நேர்ந்தே ஆக வேண்டுமென்றால் மறுக்கும் பக்கமே நேரட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கு வரும் அனுமதித் தீர்ப்புகளில் அந்த வாக்கியம் வழக்கமாக இடம்பெறுகிறது.

இவருடைய பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது வெறும் கற்பனையில் பிறந்ததில்லை. 1953-இல் ஐசன்ஹோவர் போட்ட 10450 ஆணை போதை அடிமைத்தனத்தை ஒழுக்கக்கேடுகளின் பட்டியலில் வைத்தது. 1987-இல் டக்ளஸ் கின்ஸ்பர்க் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்டு, முன்பு கஞ்சா புகைத்ததை ஒத்துக்கொண்ட பிறகு சில நாளில் விலக வேண்டி வந்தது. உண்மையைச் சொன்னால் வாழ்க்கை போய்விடும் என்று ஒரு தலைமுறைக்கே அந்தச் செய்தி பாடமாகிவிட்டது. விதிகள் மாறின. பாடம் மட்டும் மாறாமல் அறைத்தோழன் வாயிலிருந்து வருகிறது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சிலர் “பெரிதாக ஒன்றும் இல்லையே, இல்லை என்று போட்டுவிடுங்கள்” என்று சொல்வதாகத் தீர்ப்புகளில் வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. படிவத்தில் கையெழுத்துப் போடுவது அவர்கள் இல்லை. இப்படி ஆலோசனை கேட்டு நடந்தேன் என்ற சமாதானத்துக்கு ஈ நெறியில் இடம் இருக்கிறது, ஆனால் மிகக் குறுகலான இடம். வழக்கறிஞரோ, பாதுகாப்பு நடைமுறை பற்றி ஆலோசனை சொல்வதையே வேலையாகக் கொண்டவரோ சொல்லியிருக்க வேண்டும். சொல்லியே ஆக வேண்டும் என்று தெரிந்த உடனே முழுதாக, உண்மையாகச் சொல்லியும் இருக்க வேண்டும். அறைத்தோழன் அந்தக் கணக்கில் வர மாட்டான்.

இதே தீர்ப்புத் தொகுப்பில் வேறு வகை ஆட்களும் வருகிறார்கள். கஞ்சாவோடு கொகெய்னும் இரண்டு மூன்று தடவை பயன்படுத்தியவர், கடைசியாகத் தொட்டது இரண்டு வருடத்துக்கு முன்பு. எல்லாப் பெட்டிகளையும் நிரப்பியிருப்பார், எண்ணிக்கை நிச்சயமில்லாத இடத்தில் “சுமார்” என்று போட்டு விளக்கம் எழுதியிருப்பார். நேர்காணலிலும் அதையே சொல்லியிருப்பார். பயன்படுத்திய பொருளை மட்டும் பார்த்தால் நம் பொறியாளரைவிட அவர் வழக்கு மோசம். அப்படிப்பட்டவர்களுக்கு அனுமதி கிடைத்த தீர்ப்புகள் இருக்கின்றன. நீதிபதி அங்கே எழுதும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: நம்மிடம் இருக்கும் பாதகமான தகவல் முழுவதும் அவரே கொடுத்தது.

மேல்முறையீட்டுக்கு 15 நாள் இருந்தது. புதுச் சாட்சியம் எதையும் அங்கே சேர்க்க முடியாது என்று வழக்கறிஞர் சொன்னதும் இவர் விட்டுவிட்டார். நிறுவனம் அவரை அனுமதி தேவைப்படாத வேறு வேலைக்கு மாற்றப் பார்த்தது, இடம் இல்லை. வேறு ஊரில், வங்கி மென்பொருள் எழுதும் வேலைக்குப் போனார்.

தீர்ப்பு வந்து ஓர் ஆண்டு கழிந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம், அனுமதி தேவைப்படும் வேலைக்கு ஒரு நிறுவனம் முன்வந்தால். இரண்டு ஆண்டு கழித்து ஒரு நிறுவனம் முன்வந்தது. மறுபடி அதே படிவம். ஏழு ஆண்டு கடந்துவிட்டதால் கல்லூரிப் புகை இப்போது முதல் கேள்விக்குள் வரவில்லை. அனுமதி இருந்தபோது எப்போதாவது என்ற கேள்விக்குக் கொலராடோ வந்தது. 25-ஆம் பிரிவு, இதற்கு முன் உங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டதா, ரத்து செய்யப்பட்டதா என்று கேட்கும். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று அழுத்தினார். பெட்டிகள் திறந்தன. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தேதிகளைச் சரிபார்த்தார். விளக்கப் பெட்டியில், படிவம் கேட்காத கல்லூரிக் கஞ்சாவையும், மாத்திரையையும், இரண்டு படிவத்திலும் நேர்காணலிலும் தான் சொன்னது பொய் என்பதையும் எழுதினார். இடம் போதவில்லை. மீதியைக் கூடுதல் குறிப்புக்கான பக்கத்தில் தொடர்ந்தார்.